சான்றிதழுக்குக் கிடைத்த வேலை

தனுஜாவின் மருந்தாளர் சான்றிதழ் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்குச் சேர்ந்தது. தனுஜா சேரவில்லை.

ஹட்டனில் புதிதாகத் திறந்திருந்த பசுந்துளிர் தனியார் வைத்தியசாலைக்கு அதை மழையில் நனையாமல் அணைத்துத் தூக்கிப் போனவள் அவள்தான். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். பார்மசிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். மேலே சின்னதாக ஒரு விளக்கும் பொருத்தினார்கள். "நேரா இருக்கா பாருங்க மிஸ்" என்று கேட்டார்கள். அவள் எட்ட நின்று பார்த்து, இடப்பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபத்தொன்பது வயதில் அவளுடைய பெயருக்கு இப்படித்தான் வேலை கிடைத்தது. ஆளுக்குக் கிடைக்கவில்லை.

எப்படி என்று கேட்டால் மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

நோர்வூட்டிலிருந்து மூன்று கட்டை தூரம் மேலே அவள் பிறந்த தேயிலைத் தோட்டம். அங்கே வருடத்தில் பதினான்கு மாதம் மழை. மிச்ச நாளில் மூடுபனி. ஒரு ஆடி மாதம் பக்கத்து ஆள் தெரியாத அளவுக்குப் பனி மலையை மூடிவிட்டது. பெண்கள் கொழுந்து என்று நினைத்துப் பனியையே கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நிறுத்துப் பார்த்தால் தலைக்குப் பதினெட்டுக் கிலோ இருந்தது. கணக்கப்பிள்ளை முகம் மாறவில்லை. வழக்கம்போல ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்தார், பதினாறு என்று எழுதினார், பதினெட்டு வராதபடியால் எல்லோருக்கும் அரைப்பேர் போட்டுவிட்டுப் போனார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். மலைக்கே போகாத நாளில் பேரே கிடையாது. அதனால் அந்தத் தோட்டத்தில் காய்ச்சல்கூட ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வரும்.

அந்த மழைக்குக் கீழேதான் தனுஜா படித்தாள். காற்றுக்குக் கூரைத் தகரம் தூக்காமலிருக்க லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கல் வைப்பார்கள். அவளுடைய அம்மா நாகலெட்சுமி, மகளின் மருந்தியல் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்தாள். கல்லைவிட அது பாரம். பரீட்சைக்காகப் புத்தகத்தை இறக்கிக்கொண்டு மகள் கொழும்புக்குப் போன அன்று, தகரம் பறந்து அடுத்த தோட்டத்துத் துரை பங்களா முற்றத்தில் இறங்கியது. துரை அதைத் திருப்பி அனுப்பும்போது, பிள்ளை பாஸா என்று விசாரித்து ஒரு துண்டுக் கடிதமும் அனுப்பியிருந்தார். பாஸ்தான். நோர்வூட்டில் ஒரு பார்மசியில் இரண்டு வருடம் பயிலுநராக நின்று, மூன்றாவது தடவையில் பாஸ்.

அதோடு அவள் கஷ்டம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு ஒரு முகம் இருந்தது. பிறவியிலேயே அது மழைக்கால முகம். அதில் கோபமோ கவலையோ கிடையாது, அமைப்பே அப்படி. போதாததற்குக் கேள்வி கேட்கிற பழக்கம் வேறு. ஆறு இடங்களில் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். சான்றிதழைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். "அறிவிக்கிறோம்" என்றார்கள். கண்டியில் ஒருவர் மட்டும் மனது வைத்து உண்மையைச் சொன்னார்: "மகள், மருந்து வாங்க வாறவங்க ஏற்கனவே நோயாளிங்க. நீங்களும் அவங்கள இப்படிப் பாத்தா எப்படி?"

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மருந்துக் கவுண்டருக்கு உள்பக்கம் மருந்தாளராக நிற்க வேண்டும். வெளிப்பக்கம் பிறந்ததிலிருந்து நின்றாகிவிட்டது.

ஏழாவதாகத்தான் பசுந்துளிரின் விளம்பரம் வந்தது. மருந்தாளர் தேவை, சான்றிதழை விட மனப்பாங்கே எங்களுக்கு முக்கியம் என்று போட்டிருந்தார்கள். நாகலெட்சுமிக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மனப்பாங்குன்னா என்னடி?"

"மனசு எப்படி இருக்குங்கிறதும்மா. ஆளுங்களோட எப்படி நடந்துக்கிறோம்ங்கிறது."

"அத எங்க எடுக்கிறது? கிராம சேவகர் குடுப்பாரா, கவர்மெண்டு கச்சேரிக்குப் போகணுமா?"

"அதெல்லாம் எடுக்கிற சாமானில்ல."

"எடுக்காமலா கேட்டிருக்கான். நீ சும்மா இரு."

மறுநாள் நாகலெட்சுமி அரைப்பேரோடு மலையை விட்டு இறங்கி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தாள். சங்கத்தின் தாளில் நீல மையில் எழுதியிருந்தது: 'மேற்படி அழகன் தனுஜா என்பவருக்கு மனப்பாங்கு உண்டு என்பதையும், அது கடந்த பத்து வருடங்களாக எனக்கு நேரில் தெரியும் என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.' கீழே முத்திரை. பிறப்பு, பள்ளிக்கூடம், கலியாணம், பொலிஸ், எதற்கும் அந்தத் தோட்டத்தில் தலைவர் கடிதம்தான் முதலில் போகும், ஆள் பின்னால் போவார். தனுஜா மறுத்துப் பார்த்தாள். பிறகு கோப்பில் சான்றிதழுக்கு மேலே அதை வைத்துக்கொண்டாள்.

பசுந்துளிரின் மனிதவள முகாமையாளர் ஜெயகாந்தன். நாற்பது வயதிருக்கும். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார், சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவும் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு வரிசையில் நின்றவர்தான். தலைவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். அதைக் கோப்பில் போட்டுக்கொண்டு, "இனி செய்முறை" என்றார்.

செய்முறை என்னவென்றால், கவுண்டருக்கு வெளியே மருந்துத் துண்டோடு ஒரு நோயாளி நிற்பார், உள்ளேயிருந்து மருந்து கொடுக்க வேண்டும். அன்றைய நோயாளி அந்தோனியம்மா. ஆஸ்பத்திரியில் தரை கூட்டுகிறவள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது யாருக்கும்மா?" என்றாள் தனுஜா.

"எனக்குத்தான்."

"வயசு?"

"அம்பத்தாறு."

"வேற ஏதும் மாத்திர குடிக்கிறீங்களா?"

"இல்ல. ஆமா, பிரஷருக்கு ஒண்ணு."

"இன்னைக்குக் குடிச்சீங்களா? காலைல என்ன சாப்பிட்டீங்க? கால் வீங்குதா? ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா?"

அந்தோனியம்மா தான் வேஷம் போட்டிருப்பதை மறந்துவிட்டாள். "அதத்தான் மகள் சொல்ல வந்தேன், ரெண்டு மாசமா ஒரு எரிச்சல்" என்று கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். ஜெயகாந்தன் கடிகாரத்தைப் பார்த்துப் பதினொரு நிமிடம் என்று குறித்தார்.

அடுத்தது துஷாந்த். இருபத்துநாலு வயது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடையில் நின்றவன். அவன் சிரிப்பு ஹட்டன் முழுக்கப் பிரசித்தம். பிறந்தபோது மருத்துவிச்சி முதுகில் தட்டியதற்கு அழாமல் அவளுக்கு நன்றி சொன்னவன் மாதிரிச் சிரித்தானாம். ஒரு மாதம் ஊரில் தினமும் மின்வெட்டு இருந்தபோது, அவன் நின்ற கடையில் மட்டும் ஆட்கள் அந்தச் சிரிப்பு வெளிச்சத்தில் சில்லறை எண்ணினார்கள். சாவு வீட்டுக்குப் போனால் அவனைப் பின்வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள்.

"வாங்கம்மா, எப்படி சுகம்? இந்தாங்க. படிக்கட்டு வழுக்கும், பாத்துப் போங்க" என்றான் துஷாந்த். நாற்பது வினாடி.

இரண்டு பேரில் யாரைப் பிடித்தது என்று அந்தோனியம்மாவைக் கேட்டார்கள். "தம்பி தங்கமான தம்பி" என்றாள். "ஆனா அந்தப் புள்ளகிட்ட எனக்கு இன்னும் கொஞ்சம் பேச இருக்கு." அதில் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

தனுஜாவைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தார் ஜெயகாந்தன்.

"மிஸ் தனுஜா, உங்க சான்றிதழ எங்களுக்குப் புடிச்சிருக்கு."

"என்னைய?"

"உங்களயும் புடிக்கும், கொஞ்சம் நாள் போகட்டும். பாருங்க, பார்மசின்னா பதிவு செஞ்ச மருந்தாளர் ஒருத்தர் இருக்கணும். அது சட்டம். அதுக்கு உங்க சான்றிதழ் இருக்கு. கவுண்டர்ல மனப்பாங்கு உள்ள ஒருத்தர் நிக்கணும். அதுக்குத் தம்பி இருக்கு. உங்கள மூணு கிழமை நுவரெலியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புறோம், செலவு எங்களோட. வந்த பிறகு கவுண்டர் உங்களுக்கு, தம்பி உங்களுக்கு உதவி."

"அதுவரைக்கும் அதிகாரிங்க யாராச்சும் வந்து என்னையக் கேட்டா?"

"மிஸ் டீ குடிக்கப் போயிருக்காங்கன்னு சொல்லுவோம். இந்தப் பக்கத்துல அத யாரு நம்பாம இருப்பாங்க?"

அது குற்றம் என்பது அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். புத்தகம் கூரையில் இருந்தபோது மழைத்தண்ணீர் இறங்கிய பக்கம் அது. ஆனால் ஆறு தடவை 'அறிவிக்கிறோம்' கேட்டவளிடம் முதல் தடவையாக ஒருவர் தேதி சொல்லியிருந்தார். மூன்று கிழமை. இருபத்தொரு நாள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இப்படியாகச் சான்றிதழ் சுவரில் ஏறியது. தனுஜா மறுநாளே நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினாள்.

பயிற்சி ஒரு பழைய பங்களாவில் நடந்தது. பல ஊர்களிலிருந்து பதினாறு பேர் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் முகம்தான் குறை. ஷெரோமி என்ற மிஸ், பல்லுக்கு நடுவில் பென்சிலைக் குறுக்காக வைத்துக் கடிக்கச் சொன்னாள். கடித்தால் வாய் தானாக விரியும், விரிந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு பென்சிலை மட்டும் உருவ வேண்டும். அங்கே குளிர் எப்படியென்றால், இரண்டாம் நாள் காலையில் ராகலையிலிருந்து வந்த ஒருத்தியின் சிரிப்பு அப்படியே உறைந்துபோய், மத்தியானம் வெயில் பட்ட பிறகுதான் இளகியது. அதுவரை அவள் தன் தகப்பனுக்குச் சுகமில்லை என்று வீட்டிலிருந்து வந்த செய்தியைச் சிரித்துக்கொண்டேதான் எல்லோருக்கும் சொன்னாள்.

அன்று புதன்கிழமை. மத்தியானம் நாகலெட்சுமியின் அழைப்பு வந்தது.

"உன் படத்தப் பாத்தேன்டி. லைட்டெல்லாம் போட்டு, சாமி படம் கணக்கா வச்சிருக்கானுக. அந்தத் தம்பிகிட்ட இது என் மகதான்னு சொன்னேன், எழும்பி நின்னுச்சு."

"உங்க மாத்திர எடுத்தீங்களாம்மா?"

"எடுத்தேன். வேலாயிக்கும் சேத்து எடுத்துட்டு வந்தேன், அந்த விரல் வீக்கத்துக்கு. துண்டக் குடுத்தனுப்பியிருந்தா. அவளுக்கு ஏன் ஒரு பேர் வீணா போகணும்."

லயத்தில் அது வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருத்தி நாலு பேருடைய துண்டை மடியில் கட்டிக்கொண்டு போவாள். நாலு பேருடைய மருந்தைக் கொண்டுவந்து கதவு கதவாகக் கொடுப்பாள். டொக்டர் பார்த்த நோயாளி ஒருத்தி, மருந்து வாங்கியவள் இன்னொருத்தி என்பது அங்கே யாருக்கும் புதுமையில்லை. அதனால்தான் தனுஜா எந்தத் துண்டை வாங்கினாலும் முதலில் இது யாருக்கு என்று கேட்பாள்.

வேலாயிச் சின்னம்மாவுக்கு என்ன மாத்திர, எப்படிக் குடிக்கச் சொன்னாங்க என்று அவள் கேட்க இருந்தாள். வாயைத் திறந்தும் விட்டாள். அந்த நேரம் ஷெரோமி மிஸ் மணியை அடித்து, "பென்சில எடுங்க" என்றாள்.

"சரிம்மா, பிறகு கோல் எடுக்கிறேன்" என்றாள் தனுஜா.

ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேள்வி கேட்டே களைக்க வைத்தவள், தன் ஆயுளில் கேட்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

வேலாயி லயத்தில் ஒட்டிய அறையில், அடுத்த காம்பிராவில் இருந்தவள். ஐம்பத்தேழு வயது. முப்பத்தைந்து வருடம் கொழுந்து கிள்ளிய விரல் கணுவெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பசுந்துளிருக்கு வந்த விசேட டொக்டர் பார்த்து, மூன்று மாதத்துக்கு இரண்டு விதமான மாத்திரை எழுதினார். ஒன்று, கிழமைக்கு ஒரே ஒரு நாள் மூன்று மாத்திரை. தவறிப்போய்த் தினமும் குடித்தால் இரத்தத்தையே அழித்துவிடும். மற்றது அந்த மருந்தின் கடுமையைக் குறைக்கிற சத்து மாத்திரை, தினமும் ஒன்று. இரண்டும் சின்னது, இரண்டும் மஞ்சள். எப்படிக் குடிக்கிறது என்று வேலாயி கேட்டதற்கு, "அதெல்லாம் பார்மசியில விளங்கப்படுத்துவாங்க" என்றார் டொக்டர். மருந்து அன்று இருக்கவில்லை, புதன்கிழமை வரும் என்றார்கள்.

புதன்கிழமை துஷாந்த் துண்டில் இருந்தபடி மூன்று, ஒன்று என்று எண்ணிக்கையைப் போட்டு, இரண்டு உறையிலும் 'தினமும்' என்று எழுதினான். சிரித்த முகத்தோடு கொடுத்தான். படிக்கட்டு வழுக்கும் என்றும் சொன்னான். உறையின் அடியில் அச்சில் இருந்தது: மருந்தாளர், அ. தனுஜா.

லயத்தில் மாத்திரையை யாரும் ஒழுங்காகக் குடிப்பதில்லை. இரண்டு நாள் குடித்து வலி குறைந்தால் மிச்சத்தைச் சாமித் தட்டில் வைத்துவிடுவார்கள். அந்த வழக்கம் வேலாயியைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் இது தனுஜா பேர் போட்ட மருந்து. தன் கண்முன்னால் தவழ்ந்த பிள்ளை, தகரம் பறக்கப் பறக்கப் படித்து வாங்கிய பேர். காலையில் மலைக்கு இறங்கும்முன் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூன்று மாத்திரை. ஒரு நாள்கூட விடவில்லை. முப்பத்தாறு மாத்திரை பன்னிரண்டு நாளில் தீர்ந்தது. வாய் புண்ணானபோது, சூடு என்றாள் நாகலெட்சுமி. சோறு இறங்காதபோது, நல்ல மருந்து என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்றாள். அவளுக்கும் அந்தப் பேரில் நம்பிக்கை.

மூன்றாம் சனிக்கிழமை தனுஜா வந்தாள். பயிற்சிச் சீட்டில் 'சிறப்பு' என்று போட்டிருந்தார்கள். பழகிய வாய் சுருங்காமல் அப்படியே இருந்தபடியால் சிரித்துக்கொண்டேதான் படியேறினாள். அவளைத் தெரிந்த நாயே குரைத்தது.

வேலாயி காம்பிராவில் படங்குச் சாக்கின் மேல் படுத்திருந்தாள். உதடு வெடித்து, கையெல்லாம் நீல நீலமாகக் கன்றியிருந்தது. நெற்றி கொதித்தது. "வந்துட்டியா புள்ள" என்றாள். "உன் மருந்து முடிஞ்சி போச்சு. இன்னும் கொஞ்சம் எழுதித் தா."

தனுஜா வெற்று உறையை எடுத்து வாசித்தாள். முதலில் மருந்தின் பெயர். பிறகு 'தினமும்'. பிறகு தன் பெயர்.

கொழுந்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே பார்த்த உடனே விளங்கிக்கொண்டு, அம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் எல்லோரும் செய்தார்கள். ஆறாம் நாள் வேலாயி செத்துப்போனாள். தோட்டம் அரைநாள் லீவு கொடுத்தது. மழையில் குழிக்குள் தண்ணீர் ஊற ஊற இறைத்துக்கொண்டே புதைத்தார்கள். வேலாயியின் புருஷன் வீரய்யா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. உறையை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து மூன்று அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். பசுந்துளிரின் மேல்மாடி மண்டபத்தில் மேசை போட்டிருந்தது. வெளியே மர வாங்கில் வீரய்யா குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயகாந்தன் தனுஜாவைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார்.

"மிஸ் தனுஜா, வரவுப் புத்தகத்துல நீங்க எல்லா நாளும் வந்ததா கையெழுத்து இருக்கு."

"நான் போடல."

"யாரோ போட்டிருக்காங்க. அத விடுங்க. நான் இல்லன்னு நீங்க சொன்னா, சான்றிதழ வாடகைக்கு விட்டதாத்தான் எடுப்பாங்க. அதோட அது போச்சு. இருந்தேன், அவசரத்துல கை தவறிருச்சின்னு சொன்னா மனுசத் தவறு. யாருக்கும் நடக்கும். எங்க சட்டத்தரணி பேசி ஒரு எச்சரிக்கையோட முடிச்சிருவாரு." சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். அவளுடைய பெயர், பதவி, திங்கட்கிழமைத் தேதி, எல்லாம் இருந்தன. கையெழுத்து மட்டும் மிச்சம். "கவுண்டர் உங்களுக்கு. உதவி இல்ல, பொறுப்பு. அந்தப் பொம்பளயும் இனித் திரும்பி வரப் போறதில்ல. நீங்க ஏன் போகணும்?"

அவர் கெட்டவர் போலப் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

தண்ணீர்க் குழாயடியில் துஷாந்த் நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததால், அவள் ஒரு நொடி யாரோ என்று நினைத்தாள்.

"அக்கா, மாத்திரன்னா தினமும்தான்னு நெனச்சேன். எங்க வீட்ல எல்லாரும் தினமும்தான் குடிக்கிறாங்க."

"தெரியாட்டி கேக்கிறதுக்கென்ன?"

"யார்கிட்டக்கா கேக்க? நீங்க செவுத்துல இருந்தீங்க."



உள்ளே கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த அதிகாரி அம்மா சிங்களத்தில் கேட்டாள், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். மேசையில் அவளுடைய சான்றிதழ் கிடந்தது. கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் வரவுப் புத்தகம். அதில் யாரோ அவளுடைய பெயரை வட்ட வட்டமாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது.

"அந்தப் புதன்கிழமை நீங்கள் கடமையில் இருந்தீர்களா?"

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. இடைவெளியில் வீரய்யாவின் குடைக்காம்பு தெரிந்தது. இருந்தேன் என்றால் திங்கட்கிழமை கவுண்டர். உள்பக்கம். பேருக்கும் ஆளுக்கும் சேர்த்து. வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும் இது யாருக்கு என்று கேட்கலாம், இன்னொரு வேலாயி சாகாமல் பார்த்துக்கொள்ளலாம். அது பொய்யான நியாயமில்லை, அவள் அதை இரவெல்லாம் நிறுத்துப் பார்த்திருந்தாள். அதற்கு அவள் செய்ய வேண்டியது, லயத்தில் தகர மறைப்புக்கு அந்தப் பக்கம் இருமுகிற அந்த மனிதனுக்கு, உன் பெண்சாதிக்கு அந்த மாத்திரையை எண்ணிக் கொடுத்தது என் கைதான் என்று சொல்வது. அவர் நம்புவார். அவர்கள் எல்லோரும் அவளை நம்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

"இருக்கல" என்றாள்.

"எங்கே இருந்தீர்கள்?"

"நுவரெலியாவுல. சிரிக்கப் பழகிக்கிட்டு இருந்தேன்."

மொழிபெயர்த்தவர் நிறுத்தி, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். யாரும் எழுதவில்லை. அந்த அம்மா மறுபடி கேட்டாள், அவர் மறுபடி சொன்னார், அப்போதுதான் எழுதினார்கள். சான்றிதழை வாங்கி மாட்டியது யார், எத்தனை நாளைக்கு, என்ன வாக்குறுதி, வீட்டிலிருந்து அழைப்பு வந்த நேரம் என்ன, எல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அம்மாவிடம் கேட்க இருந்த கேள்வியைக் கேட்காமல் போனை வைத்ததையும் யாரும் கேட்காமலே சொன்னாள்.

கடைசியில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நேர்மையாகப் பதில் சொன்னதைக் குறித்துக்கொள்வதாகவும், முடிவு தபாலில் வரும் என்றும் சொன்னாள். தனுஜா எழுந்தபோது சான்றிதழை அவளிடம் யாரும் நீட்டவில்லை. தபால் வர நான்கு மாதம் எடுத்தது. அதில் என்ன இருக்கும் என்பது அந்த மேசையிலேயே தெரிந்துவிட்டது.

வெளியே ஜெயகாந்தன் இல்லை. துஷாந்தை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். வாங்கில் வீரய்யா மட்டும் இருந்தார்.

"என்ன புள்ள சொன்ன?"

"நான் அங்க இருக்கலன்னு சொன்னேன் சித்தப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். மடித்து மடித்து மூலைகள் கிழிந்திருந்தன. "இதுல உன் பேரு இருக்கே."

"பேரு இருந்திச்சு."

"அந்தத் தம்பி இருந்திச்சில்ல?"

"இருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

வீரய்யா உறையைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்து இருக்கிற பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும் ஒரே மாதிரிப் பார்த்தார். 

"அப்ப அங்க யாருமே இருக்கல" என்றார்.

"இல்ல சித்தப்பா."

"அவ யார்கிட்டயோ குடுத்தனுப்பி, யார்கிட்டயோ வாங்கியாந்து தின்னிருக்கா."

அவர் குடையை ஊன்றி எழுந்தார். அவள் கை கொடுக்கப் போனாள், அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தாரோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டார். இருவரும் படியிறங்கி, பார்மசியைக் கடந்து பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். நோர்வூட் பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் நனைந்த குடையை வைத்துக்கொண்டார். தனுஜா இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தாள்.